எல்லையில் ஏறும் வரி, களத்தில் இறங்கும் விலை

மேட்டுப்பாளையம் என்றால் தமிழ்நாட்டுக்காரருக்கு நீலகிரி அடிவாரம் நினைவுக்கு வரும். புதுச்சேரிக்காரருக்கு உழவர்கரை நகராட்சியில் இருக்கும் தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் நினைவுக்கு வரும். அங்கிருந்து சிறிது தூரத்தில் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து நெல்லும் மல்லாட்டை எனும் நிலக்கடலையும் வந்து குவிகிற இடம் அது. தொழிற்பேட்டையில் விலையைத் தீர்மானிப்பவர் உற்பத்தி செய்பவர். விற்பனைக்கூடத்தில் விலையைத் தீர்மானிப்பவர் வாங்குபவர். அவர் சொல்லும் விலைக்குப் பின்னால் டெல்லியில் வெளியாகும் ஓர் அறிவிக்கை இருப்பது மூட்டையோடு காத்திருக்கும் உழவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

அப்படியொரு அறிவிக்கை 2023 ஜூலை 20 அன்று வந்தது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்ப அன்றே தடை விதிக்கப்பட்டது. புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரத்தில் அது சொர்ணவாரி அறுவடைக் காலம். ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி வந்தது. அது சம்பாவுக்கு நாற்று விடும் காலம். விதைப்பவருக்கும் அறுப்பவருக்கும் ஒருநாள் அவகாசம்கூடத் தரப்படவில்லை.

அரசுக்கும் அப்போது ஒரு கவலை இருந்தது. 2022 மார்ச் வெயிலில் வட இந்தியக் கோதுமை கருகியது. அந்த ஆண்டு மே 13 அன்று கோதுமை ஏற்றுமதி நின்றது. செப்டம்பரில் நொய்யரிசிக்குத் தடையும் வெள்ளை அரிசிக்கு 20 சதவீத வரியும் வந்தன. 2023 எல் நினோ ஆண்டு என்று வானிலையாளர்கள் எச்சரித்தார்கள். கருங்கடல் தானிய ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா அதே ஜூலையில் வெளியேறியது. சில்லறைக் கடையில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு தேர்தல். எந்த அரசும் அஞ்சும் சூழல்தான். என் ஆட்சேபம் அந்த அச்சத்தின் மீது இல்லை. அச்சத்துக்கான விலையை யாரிடம் வசூலித்தார்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு வியாபாரி ஒரு கிலோ புழுங்கல் அரிசிக்கு 40 ரூபாய் தரத் தயார் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத வரியும் அந்த 40 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்றால் ஏற்றுமதியாளர் கையில் நிற்பது 33 ரூபாய் சொச்சம். கிலோவுக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு குறைகிறது. ஒரு குவிண்டால் நெல்லை அரைத்தால் 68 கிலோ புழுங்கல் அரிசி என்பது இந்திய உணவுக் கழகத்தின் அளவு. அப்படியானால் குவிண்டால் நெல்லுக்கு 450 ரூபாய். நம் வட்டாரத்தில் வழங்கும் 75 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 340 ரூபாய். ஏற்றுமதியாளர் அதை ஆலைக்காரரிடம் குறைப்பார், ஆலைக்காரர் வியாபாரியிடம் குறைப்பார், வியாபாரி களத்தில் குறைப்பார். களத்தில் நிற்பவருக்குக் குறைத்துக்கொள்ள அதற்குக் கீழே ஆள் இல்லை.

இதில் ஒரு நியாயமான திருத்தம் உண்டு. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது. இவ்வளவு பெரிய விற்பனையாளர் கதவைச் சாத்தினால் வெளியே விலை ஏறும். வரியின் ஒரு பகுதியை வெளிநாட்டில் வாங்குபவரே சுமப்பார். அதுதான் நடந்தது. தாய்லாந்து அரிசி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டி, 15 ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. தாய்லாந்து, வியட்நாம் உழவர்கள் அந்த விலையைப் பார்த்தார்கள். இங்கே உழவர் பார்க்கவில்லை. உலகச் சந்தையில் அரிசிக்கு நல்ல காலம் வந்த ஓராண்டுக்கும் மேலான நாட்களில் அந்தச் சந்தையின் மிகப் பெரிய விற்பனையாளரின் உழவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இது ஒரு பருவத்து விபத்தும் இல்லை. பணக்கார நாடுகளின் ஓஇசிடி அமைப்பும் டெல்லியைச் சேர்ந்த இக்ரியர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2018-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. 2000-01 முதல் 2016-17 வரையான ஆண்டுகளில் இந்திய உழவர்களுக்கு உரம், மின்சாரம், பாசனம் என்று தரப்பட்ட மானியங்களை ஒரு பக்கம் வைத்தார்கள். ஏற்றுமதித் தடைகளாலும் உள்நாட்டுச் சந்தைக் கட்டுப்பாடுகளாலும் அவர்களுக்குக் கிடைக்காமல் போன விலையை மறுபக்கம் வைத்தார்கள். கழித்துப் பார்த்தபோது உழவர்களின் மொத்த வருவாயில் சராசரியாக 14 சதவீதம் கழிவாகவே நின்றது. மானியத்தில் வாழ்பவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர் உண்மையில் நிகரமாக வரி கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வரிக்கு ரசீது இல்லை. எந்த நிதிநிலை அறிக்கையிலும் அது ஒரு வரியாக எழுதப்படவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது எல்லோருக்கும் தெரிகிறது. துறைமுகத்தில் சாத்திய கதவால் மூட்டைக்கு எத்தனை ரூபாய் போனது என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை.

அரிசியா, பணமா?

உழவரிடம் எடுத்தது ஏழைக்குப் போய்ச் சேர்ந்ததா? அதைக் கேட்க இந்தியாவில் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. உணவு மானியத்தை அரிசியாகத் தருவதா, பணமாகத் தருவதா என்ற கேள்வியைப் பத்து ஆண்டுகளாகத் தன் சமையலறையில் வைத்துச் சோதித்த ஊர் இது.

2015 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் தருவதற்குப் பதிலாக, அதற்குரிய பணத்தை வங்கிக் கணக்கில் போடலாம். சண்டிகரும் புதுச்சேரியும் செப்டம்பரிலேயே அந்த முறைக்கு மாறின. நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலையை அரிசிக்கு மாற்றிக் கணக்கிட்டு, அதன் ஒன்றேகால் மடங்கிலிருந்து ரேஷன் விலையான 3 ரூபாயைக் கழித்துத் தொகை கணக்கிடப்பட்டது. பொருளியல் பாடப் புத்தகத்துக்குப் பிடித்த ஏற்பாடு. அரிசியை வாங்கி, மூட்டை கட்டி, கிடங்கில் அடுக்கி, எலிக்கும் ஈரத்துக்கும் கொடுத்து, எடையில் திருடவிட்டு, மிச்சத்தை ஏழைக்குத் தருவதைவிட, பணத்தைக் கொடுத்தால் அவர் தனக்குப் பிடித்த அரிசியை வாங்கிக்கொள்வார். வாதத்தில் நேர்மை உண்டு. ரேஷன் புழுங்கலை வாங்கி மாவு மில்லுக்கும் கோழிப்பண்ணைக்கும் விற்றுவிட்டுப் பொன்னி வாங்கும் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே உண்டு.

இதற்கு மேல் புதுச்சேரி அரசின் இலவச அரிசித் திட்டம் தனியாக இருந்தது. அன்றைய முதல்வர் நாராயணசாமி அதை அரிசியாகவே தர விரும்பினார். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணமாகத் தர வேண்டும் என்றார். 2019 பிப்ரவரியில் முதல்வரே கறுப்புச் சட்டை அணிந்து ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தபோது அவர் வைத்த கோரிக்கைகளில் அரிசியும் ஒன்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 பிப்ரவரியில் தீர்ப்பு ஆளுநரின் நிலைப்பாட்டுக்குச் சாதகமாக வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களின் சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு ஈடாக 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு ஈடாக 300 ரூபாய் என்று வங்கியில் ஏறியது. நியாயவிலைக் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள்.

300 ரூபாயில் என்ன வாங்கலாம் என்பதுதான் அடுத்த ஆண்டுகளின் கதை. கிலோவுக்கு 30 ரூபாய் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. மளிகைக் கடையில் பொன்னி 50 ரூபாயைத் தாண்டியபோது பத்து கிலோவுக்கான பணம் ஆறு கிலோவைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அரிசிக்கு விலை ஏறினாலும் அரிசியாகத் தந்தால் அது பத்து கிலோதான். பணமாகத் தந்தால் விலை ஏற்றத்தின் பாரம் முழுவதும் வாங்குபவர் தலையில்.

புதுச்சேரி, சண்டிகர், தாத்ரா நகர் ஹவேலி மூன்றிலும் பணமுறை எப்படி நடக்கிறது என்று கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் தொடக்க ஆண்டுகளில் வீடு வீடாக ஆய்வு செய்தார்கள். முதல் சுற்றில் பெரும்பாலோர் தானியமே மேல் என்றார்கள். பணம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பணத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: அதே அளவு தானியத்தைச் சந்தையில் வாங்க, கிடைத்த பணம் போதவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மக்கள் பணத்தை வெறுக்கவில்லை. விலைவாசியோடு ஏறாத பணத்தைத்தான் நம்பவில்லை.

2021-ல் ஆட்சிக்கு வந்த ரங்கசாமி அரசு 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பாக, நியாயவிலைக் கடைகளைத் திறந்து, 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் இலவசமாகத் தரத் தொடங்கியது. ஒரு சுற்று முடிந்து புதுச்சேரி அரிசிக்கே திரும்பியது. டெல்லியில் சிலர் இதைப் பிற்போக்கு என்றுகூட நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் பத்து ஆண்டு அனுபவத்தில் கண்டடைந்த கணக்கு அது.

இப்போது இரண்டு கதைகளையும் அருகருகே வைக்கலாம். 2023 ஜூலையில் ஏற்றுமதியை நிறுத்தியது உள்நாட்டு அரிசி விலையைக் குறைப்பதற்காக. குறைந்ததா? 2024 ஜனவரியில் அரிசியின் சில்லறை விலை முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. பிப்ரவரியில் அரசு 29 ரூபாய்க்கு 'பாரத் அரிசி' விற்க வேண்டியதாயிற்று. புதுச்சேரியின் பாகூரில் நெல் விளைவித்தவருக்கு உலக விலை கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் 300 ரூபாயை வைத்துக்கொண்டு அரிசி வாங்கப் போனவருக்கு மலிவு விலையும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் அரிசி இல்லாமலும் இல்லை. உணவுக் கழகத்தின் கிடங்குகளில் இருப்பு, வைத்திருக்க வேண்டிய அளவைவிட அதிகமாகவே இருந்தது. தடையின் காலத்தில் அது மேலும் பெருகியது. பிறகு என்ன செய்தார்கள்? 2024-25-ல் எத்தனால் ஆலைகளுக்கு 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கப்பட்டது, கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு. அதே அரிசியை வாங்கி அரைத்து அடுக்கி வைக்க உணவுக் கழகத்துக்கு ஆகும் செலவு கிலோவுக்கு ஏறக்குறைய 40 ரூபாய். மக்களின் உணவுக்காக என்று சொல்லித் துறைமுகத்தில் நிறுத்திய தானியம், பெட்ரோலில் கலக்கும் சாராயத்துக்காக அடக்க விலையில் பாதிக்குச் சற்று மேலான தொகைக்குப் போனது. இடையில் உழவர் இழந்ததை யாரும் திருப்பித் தரவில்லை.

நூறாண்டு முன்னால் இதே துறைமுகம்

வரி ஒரு ஊரை எப்படி வளர்க்கும், எப்படிச் சாய்க்கும் என்பதைப் புதுச்சேரிக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஊரின் வரலாறே சுங்கக் கோட்டின் வரலாறுதான்.

1815-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். தன் உப்பு ஏகபோகத்தைக் காக்க அடுத்த வீட்டு உப்பளத்தை விலைக்கு வாங்கிய கதை அது. உப்பு விளைத்தவர்கள் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

துணியில் ஆட்டம் வேறு மாதிரி. புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த 'கினே' எனும் நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே பிசின் வாங்க அதுதான் பணம். ஐரோப்பாவின் இயந்திரத் துணி போட்டிக்கு வந்தபோது, 1877-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடான செனகலில் அந்நியத் துணிக்கு வேறுபட்ட வரி போட்டுப் புதுச்சேரித் துணியைக் காத்தது. அந்தப் பாதுகாப்பின் நிழலில் இங்கே புதிய ஆலைகள் எழுந்தன. 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை, பிரெஞ்சுச் சந்தையின் சலுகையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஆலைத் தொழிலின் உரிமைப் போராட்டத்தில். 1954-ல் பிரெஞ்சு ஆட்சியோடு அந்தச் சந்தைச் சலுகையும் போனது. ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை அரசு ஆலையாகி, 'தானே' புயலில் அடிபட்டு, நட்டத்தில் ஓடி, 2020 ஏப்ரல் 30 அன்று அதன் கதவு அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. அந்தப் புயலும் நிர்வாகமும் குற்றவாளிகள்தாம். ஆனால் வரிச் சுவருக்குள் பிறந்த தொழில், சுவர் போன பிறகு நிற்கக் கற்றுக்கொள்ள யாரும் அவகாசமோ முதலோ தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உழவுக்கு வருவோம். 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்த பிறகு தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்சேய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. பிரான்ஸ் விதையை வரியின்றி வாங்கியது. எண்ணெயைத் தன் ஆலையில் ஆட்டிக்கொண்டது. மூலப்பொருளுக்குக் கதவைத் திறந்துவைத்து, பதப்படுத்திய பொருளுக்கு மூடுவது பணக்கார நாடுகள் இன்றும் காப்பிக்கும் கொக்கோவுக்கும் செய்கிற வேலை. 1930களின் பெருமந்தத்தில் பிரான்ஸ் தன் பிடியிலிருந்த செனகலின் கடலையைக் காக்க வெளிநாட்டு எண்ணெய் வித்துகள் மீது வரி போட்டது. எங்கோ பாரிசில் போட்ட வரி, திண்டிவனம் பக்கத்துக் களத்து விலையைத் தொட்டது.

இதற்கிடையே உள்ளூரிலேயே ஒரு சுங்கக்கோடு. பிரெஞ்சுப் பகுதி ஒரே துண்டாக இருக்கவில்லை. ஆங்கிலேய ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தது. ஒரு கிராமத்தில் நெல் அறுத்து அடுத்த கிராமத்தில் விற்கச் சாவடி கடக்க வேண்டும். 1941-ல் சுங்க ஒன்றியம் ஏற்பட்டபோது சற்று மூச்சு விட்டார்கள். 1949-ல் இந்தியா அதை முடித்துக்கொண்டது. புதுச்சேரி மறுபடி திறந்த துறைமுகமானது. தங்கமும் கைக்கடிகாரமும் கள்ளத்தனமாக எல்லை தாண்டின. 1954-ல் இந்தியாவின் பொருளாதார முற்றுகை இறுகியபோது அன்றாடப் பொருளுக்கே தட்டுப்பாடு. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பின் விடுதலை வேட்கையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாவடியில் வாழ்ந்து களைத்த ஒரு ஊரின் சலிப்பும் அதில் இருந்தது என்று நம்புகிறேன்.

செனகலின் தட்டில்

புதுச்சேரித் துணியை வாங்கிய அதே செனகல் இன்று இந்திய நொய்யரிசியை வாங்குகிறது. மீனும் காய்கறியும் சேர்த்து நொய்யில் சமைக்கும் செபு ஜென் அவர்களுடைய தேசிய உணவு. அந்தப் பழக்கமே பிரெஞ்சு ஆட்சி உண்டாக்கியது: செனகல் உழவரைக் கடலை விளைக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு உண்ண இந்தோசீனாவின் நொய்யை இறக்கினார்கள். 2022 செப்டம்பரில் இந்தியா நொய்க்குத் தடை போட்டபோது டக்கார் நகரத்துக் குடும்பங்கள் அதை உணர்ந்தன. பிறகு அரசுக்கு அரசு என்ற முறையில் சிறப்பு அனுமதி தந்து அனுப்பினோம். தடை முழுமையாக விலகியது 2025 மார்ச்சில்.

வெள்ளை அரிசிக்கும் இதே நடைமுறை. சிங்கப்பூருக்கு 50 ஆயிரம் டன், பூட்டானுக்கு 79 ஆயிரம் டன், மொரீஷியசுக்கு 14 ஆயிரம் டன் என்று 2023 ஆகஸ்ட் இறுதியில் அனுமதி வந்தது. மலேசியா பின்னர் சேர்ந்தது. இவற்றுள் பல நாடுகளில் நம் சொந்தங்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அரிசி கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இப்படிக் கேட்டுப் பெறும் வணிகம் வணிகமே இல்லை. கேட்கத் தெரிந்த நாட்டுக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. இலங்கை பட்ட பாடு நமக்குத் தெரியும். 2021-ல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்திய முடிவு நெல் விளைச்சலைச் சாய்த்தது. 2022-ல் தமிழ்நாடு 40 ஆயிரம் டன் அரிசி அனுப்ப முன்வந்தது. பசியில் இருந்த அயலாருக்கு அனுப்பியது நம் பெருமை. அதே ஆண்டிலேயே நாம் கதவுகளைச் சாத்தத் தொடங்கினோம்.

2024 செப்டம்பர் இறுதியில் காற்று திரும்பியது. வெள்ளை அரிசிக்குத் தடை போய், டன்னுக்கு 490 டாலர் குறைந்தபட்ச விலை வந்தது. ஒரு மாதத்துக்குள் அதுவும் போனது. புழுங்கலுக்கு வரி 20-லிருந்து 10, அக்டோபரில் சுழியம். இரண்டு ஆண்டு சேர்த்துவைத்த அரிசி ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் என்ன ஆகும்? 2025-ல் தாய்லாந்து அரிசி 400 டாலருக்குக் கீழே இறங்கியது. பிலிப்பைன்ஸ் தன் உழவரைக் காக்க செப்டம்பர் 1 முதல் அரிசி இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. விலை உச்சத்தில் இருந்தபோது உள்ளே பூட்டப்பட்ட நம் உழவர், விலை விழுந்தபோது வெளியே அனுப்பப்பட்டார். நல்ல காலத்தில் தடை, கெட்ட காலத்தில் சுதந்திரம். இப்படியொரு வரிசையை உழவருக்கு எதிராகத் திட்டமிட்டே செய்திருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமைந்திருக்காது.

எண்ணெயில் கதை தலைகீழ். அரிசியில் நாம் விற்பவர்; சமையல் எண்ணெயில் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குபவர். இறக்குமதி வரியைக் குறைத்தால் பாமாயில் மலியும், மல்லாட்டை போட்டவர் நொடிப்பார். ஏற்றினால் அவர் தலைநிமிர்வார், பஜ்ஜிக் கடைக்காரர் முனகுவார். 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா எண்ணெய்களுக்கு அடிப்படை வரியைச் சுழியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தினார்கள். எண்ணெய் வித்து விதைத்தவர்கள் நம்பினார்கள். 2025 மே 30 அன்று அதைப் பாதியாக்கி 10 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஒன்பது மாதம்கூட நிலைக்காத வரியை நம்பி எந்த உழவர் தன் நிலத்தில் பயிரை மாற்றுவார்? அண்டையிலிருக்கும் தமிழ்நாட்டின் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். மானியம் தமிழ்நாட்டு மக்களின் வரிப்பணம். அது வாங்குவது இந்தோனேசிய, மலேசியத் தோட்டங்களின் எண்ணெயை. கொங்கு நாட்டுத் தென்னை உழவர்கள் தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் ரேஷனில் சேர்க்கச் சொல்லி நீண்ட நாளாகக் கேட்கிறார்கள். விலை கட்டுப்படியாகாது என்று அரசு சொல்லலாம். பகுதி அளவிலாவது தொடங்கிப் பார்க்கலாமே.

ஜெனீவாவில் உலக வணிக அமைப்பு என்ன சொல்கிறது என்றும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வளரும் நாடு தன் பயிரின் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் விலை ஆதரவு தரக்கூடாது என்பது அங்குள்ள விதி. 2018-19-ல் அரிசிக்கு இந்தியாவின் ஆதரவு 11.46 சதவீதம் என்று நம் அரசே தெரிவித்து, பாலி மாநாட்டில் 2013-ல் பெற்ற விலக்கைப் பயன்படுத்தியது. கேட்பவருக்கு இந்திய உழவர் அதிகமாகப் பெறுபவர் போலத் தோன்றும். அந்தக் கணக்கில் இன்றைய ஆதரவு விலை 1986-88-ன் உலக விலையோடு ஒப்பிடப்படுகிறது. நாற்பதாண்டுக்கு முந்தைய விலையோடு. ஏற்றுமதித் தடையால் உழவர் இழப்பது அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. இந்த அநீதியை எதிர்த்து டெல்லி ஜெனீவாவில் வாதாடுவது சரி. அதே டெல்லி தன் உழவரின் இழப்பை உள்நாட்டுக் கணக்கிலும் ஏற்ற வேண்டும்.

பாகூர் நெல்லும் மேட்டுப்பாளையத்து அட்டையும்

என்ன செய்யலாம்? முதலாவது, ஏழைக்குத் தரும் மானியம் கருவூலத்திலிருந்து வெளிப்படையாகப் போகட்டும். சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, கணக்கில் எழுதப்பட்டு, வரி கட்டும் எல்லோரும் பங்கெடுத்துப் போகட்டும். நெல் போட்டவரிடமிருந்து மட்டும் வசூலிக்க நியாயமே கிடையாது. பஞ்சம் வந்தால் கதவைச் சாத்தத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. கிடங்கு நிரம்பி வழியும்போது பஞ்சம் என்று சொல்லக்கூடாது. அப்போது இருப்பைச் சந்தைக்கு இறக்குவதே முதல் வேலை. அது போதாதென்றால் மட்டும் வரி. அந்த வரியும் எந்த விலையில் தொடங்கி எந்த விலையில் முடியும் என்று விதைப்புக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். சம்பாவுக்கு ஆடியில், நவரைக்குக் கார்த்திகையில்.

இரண்டாவது, டெல்லியைக் கேட்காமல் புதுச்சேரியே செய்யக்கூடியது. தமிழ்நாடு 2025 செப்டம்பரிலிருந்து மத்திய ஆதரவு விலைக்கு மேல் ஊக்கத்தொகை சேர்த்துச் சாதாரண நெல்லைக் குவிண்டால் 2,500 ரூபாய்க்கும் சன்ன ரகத்தை 2,545 ரூபாய்க்கும் வாங்குகிறது. ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம். பாகூர்க்காரரின் வரப்புக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். அங்கே விற்க அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். அது இவருக்குக் கிடைக்காது. பழைய சுங்கச்சாவடி போய்விட்டது, காகிதத்தில் ஒரு சாவடி இருக்கிறது. அதனால் இவர் நெல்லை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளுகிறார்.

இன்னொரு பக்கம் நியாயவிலைக் கடை திறந்துவிட்டது; அரசு மாதாமாதம் அரிசி வாங்கியாக வேண்டும். ஏறக்குறைய மூன்று லட்சம் அட்டைகள், அட்டைக்குக் குறைந்தது 10 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 3,000 டன் அரிசி. அதற்கு 4,400 டன் நெல் வேண்டும். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. அந்த வாடிக்கையாளர் தன் தேவையில் ஒரு பங்கைப் பாகூர், வில்லியனூர், திருக்கனூர், காரைக்கால் உழவர்களிடம் தமிழ்நாடு தரும் அதே விலையில் நெல்லாக வாங்கி, அரைத்து, மேட்டுப்பாளையம் கடைக்கும் முத்தியால்பேட்டை கடைக்கும் அனுப்பலாம். தட்டாஞ்சாவடியில் விற்பனைக்கூடம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் லாரி இருக்கிறது, தொழிற்பேட்டையில் இடம் இருக்கிறது. அரிசியாகவா பணமாகவா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடிய அரசும் ஆளுநர் மாளிகையும் யாருடைய அரிசி என்ற கேள்வியை இதுவரை எடுக்கவில்லை. அடுத்த சம்பா அறுவடை தை மாதம். அதற்குள் கொள்முதல் அறிவிப்பு வந்தாக வேண்டும்.